ஒரு வோல்ட்டுக்கு ஐந்து சுற்று

போன வாரம் மழை கொஞ்சம் விட்ட ஒரு சாயங்காலம். எங்கள் லைன் வீடுகளில் இருக்கும் தம்பி ஒருவன் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உள்ளே கோயில் மைக் செட்டின் ஆம்ப்ளிஃபயர். திறந்து காட்டினான். டிரான்ஸ்பார்மர் கறுத்துப்போய், கருகிய வார்னிஷ் வாடை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, பழசுல 12 வோல்ட், 2 ஆம்பியர்னு எழுதியிருக்கு. பஜார்ல 5 ஆம்பியர்தான் இருக்காம். அதைப் போட்டா போர்டு எரிஞ்சிருமா?"

"எரியாது. வோல்ட் சரியா இருக்கில்ல? தாராளமாப் போடு."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "அஞ்சு ஆம்பியர் உள்ள போகுமே அண்ணே?" என்று திரும்பக் கேட்டான். இதே கேள்வியை நான் என் பதினெட்டாவது வயதில் கேட்டிருக்கிறேன். பத்து வருஷம் வயரிங் வேலை பார்த்தவர்கள்கூடக் கேட்பார்கள். நீலகிரியில் இருக்கும் எங்கள் தேவாலா மாதிரி லோ வோல்டேஜோடு குடும்பம் நடத்துகிற ஊரில், இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் பாதிக் கஷ்டம் புரிந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை வோல்ட் வரும் என்பதைச் சுற்றுகளின் எண்ணிக்கை முடிவு செய்யும். எத்தனை ஆம்பியர் ஓடும் என்பதை நீங்கள் மாட்டுகிற லோடு முடிவு செய்யும். எத்தனை ஆம்பியர் வரை தாங்கும் என்பதைக் கம்பியின் தடிமன் முடிவு செய்யும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எல்லாச் சந்தேகமும் வருகிறது.

வைண்டிங் கடை

நான் வேலை பழகியது ஒரு வைண்டிங் கடையில். பத்துக்குப் பத்து அறை. தேயிலை பாக்டரியிலிருந்து எரிந்துபோன மோட்டார்கள் வரும், வீடுகளிலிருந்து ஸ்டெபிலைசர்கள் வரும். கடை வைத்திருந்தவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இலங்கையிலிருந்து, சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேரின் கதை அதுதான்.

முதல் நாள் அவர் என் கையில் கொடுத்தது ஓர் அடி ஸ்கேல். ஈ வடிவத்திலும் ஐ வடிவத்திலும் வெட்டிய மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கியதுதான் கோர். அதில் நடுக்காலின் அகலத்தை அளக்கச் சொன்னார். 3 செ.மீ. அடுக்கின் கனத்தை அளக்கச் சொன்னார். அதுவும் 3 செ.மீ. "பெருக்கு" என்றார். 9 சதுர செ.மீ.

"இப்ப 45-ஐ 9-ஆல வகு."

"அஞ்சு."

"அவ்வளவுதான். இந்தக் கோருக்கு ஒரு வோல்ட்டுக்கு அஞ்சு சுற்று. நம்ம கரண்ட் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருது. அதுக்கு ஏத்த கணக்கு இது."

அந்த 45 எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. பிறகு ஐடிஐ-யில் படித்தபோதுதான் தெரிந்தது. இரும்புக்குள் எவ்வளவு காந்தம் ஓடலாம், அது நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதை வைத்து வருகிற சமன்பாட்டைத்தான் அண்ணன் ஒரே எண்ணாகச் சுருக்கி வைத்திருந்தார்.

மீதி எல்லாம் பெருக்கல்தான். உள்ளே வரும் கரண்ட் 230 வோல்ட். 230-ஐ ஐந்தால் பெருக்கினால் 1,150. அது பிரைமரி. நமக்கு வேண்டியது 12 வோல்ட். 12-ஐ ஐந்தால் பெருக்கினால் 60. அது செகண்டரி. லோடு ஏறும்போது கம்பியிலேயே கொஞ்சம் வோல்டேஜ் தேய்ந்துபோகும் என்பதால், அதற்கு ஈடாக நாலு சுற்று சேர்த்து 64. வெறுமனே மீட்டர் வைத்துப் பார்த்தால் 13-ஐ நெருங்கிக் காட்டும். லோடு கொடுத்ததும் 12-இல் வந்து உட்காரும்.

கையால் சுற்றும் மெஷின். பக்கத்தில் சுற்று எண்ணும் கவுண்டர். இடது கை விரல்களுக்கு நடுவே எனாமல் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். ஒரு வரிசை முடிந்ததும் ஒரு தாள், மறுபடி ஒரு வரிசை. அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. 1,150 சுற்றில் நாலைந்து குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் 64-இல் ஐந்து விட்டுப்போனால் ஒரு முழு வோல்ட் போய்விடும். சின்ன எண்ணில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்று அண்ணன் சொல்வார்.

115 சுற்றும் 6 சுற்றும் ஏன் போதாது?

இரண்டாவது மாதம் எனக்கு ஒரு யோசனை வந்தது. விகிதம்தானே முக்கியம்? 1,150-க்கு 60 என்பதும் 115-க்கு 6 என்பதும் ஒன்றுதானே? எதற்கு இவ்வளவு கம்பி, இவ்வளவு நேரம்? கேட்டேன்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒரு பழைய கோரில் பிரைமரியை 115 சுற்று மட்டும் சுற்றச் சொன்னார். 200 வாட் பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து கரண்ட் கொடுத்தார். செகண்டரியில் எதுவுமே மாட்டவில்லை. ஆனாலும் பல்பு பளிச்சென்று எரிந்தது. டிரான்ஸ்பார்மர் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்பதுபோல கரண்ட் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சரியான சுற்று போட்டிருந்தால், செகண்டரி காலியாக இருக்கும்போது அந்தப் பல்பு கண் திறக்கவே திறக்காது.

"கோர் அதுக்கு எடங்கொடுக்காதுடா தம்பி" என்றார்.

காரணம் இதுதான். மைக்கேல் பாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் பேட்டரியை இணைத்தார். மற்றதோடு இருந்த காந்த ஊசி, இணைத்த கணத்திலும் பிரித்த கணத்திலும் மட்டும் துள்ளியது. நடுவில் கரண்ட் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி அசையவில்லை. காந்தம் மாறும்போது மட்டும்தான் சுருளில் வோல்டேஜ் பிறக்கிறது. டிரான்ஸ்பார்மர் முழுக்க அந்த ஒரு கண்டுபிடிப்புக்குள் இருக்கிறது.

பிரைமரிக்கு ஏசி கரண்ட் கொடுத்தால் இரும்பில் காந்தம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். அந்தக் காந்தம் தன்னைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வோல்டேஜை உண்டாக்கும். நம் கோரில் அது சுற்றுக்கு 0.2 வோல்ட். எந்தச் சுருள், எந்தக் கம்பி என்று அது பார்ப்பதில்லை. 64 சுற்று இருந்தால் 64 தடவை 0.2. பிரைமரியின் 1,150 சுற்றிலும் அதே 0.2 பிறக்கிறது. மொத்தம் 230. வெளியிலிருந்து வரும் 230-க்கு எதிராக உள்ளே ஒரு 230 நின்று தடுப்பதால்தான், லோடு இல்லாதபோது பிரைமரியில் கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை.

115 சுற்று மட்டும் போட்டால், ஒவ்வொரு சுற்றும் 2 வோல்ட்டைப் பிறப்பித்தாக வேண்டும். அதற்குப் பத்து மடங்கு காந்தம் வேண்டும். இரும்பால் அவ்வளவு கொடுக்க முடியாது. ஈரத்தில் ஊறிய எங்கள் ஊர் மண் ஓர் அளவுக்கு மேல் தண்ணீரைக் குடிக்காது, மேலே விழுகிற மழை அப்படியே வழிந்து ஓடும். இரும்பும் அப்படித்தான். அது நிரம்பிவிட்டால் தடுப்பு போய்விடும், கரண்ட் வழிந்தோடும், கம்பி எரியும். பேட்டரி கரண்டை டிரான்ஸ்பார்மருக்கு நேரடியாகக் கொடுத்தால் சுருள் புகைவதும் இதனால்தான். மாற்றம் இல்லை, அதனால் தடுப்பும் இல்லை.

கரண்டைக் கேட்பது யார்?

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். ஐந்து ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஐந்து ஆம்பியரை உள்ளே தள்ளுமா?

தள்ளாது. வீட்டுக்கு மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி இருப்பதால் குழாயைத் திறந்தவுடன் ஆயிரம் லிட்டரும் கொட்டிவிடாது. நாம் எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதான் வரும். ஆம்ப்ளிஃபயர் போர்டு 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் கேட்டால் ஒன்றரைதான் ஓடும். டிரான்ஸ்பார்மர் மேல் எழுதியிருக்கும் 5 என்பது, அதுவரை கேட்டாலும் சூடேறாமல் கொடுப்பேன் என்கிற உத்தரவாதம் மட்டுமே. பெரியதைப் போடுவதால் கெடுதல் இல்லை. சின்னதைப் போட்டால்தான் எரியும்.

அந்த உத்தரவாதம் கம்பியின் தடிமனில் இருக்கிறது. கடையில் கம்பியை கேஜ் கணக்கில்தான் கேட்போம். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 12 வோல்ட், 5 ஆம்பியர் செகண்டரிக்கு 17 கேஜ் கம்பி. அது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். அதே டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக்கு 28 கேஜ் போதும். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கையில் எடுத்தால் நூல் மாதிரி இருக்கும்.

எதனால் இவ்வளவு வித்தியாசம்? அண்ணன் இதைக் கொழுந்து நிறுக்கும் தராசை வைத்துச் சொல்வார். ஒரு தட்டில் பாரம் ஏறினால் மறு தட்டிலும் ஏற்றினால்தான் முள் நேராக நிற்கும். செகண்டரியில் 5 ஆம்பியர் 64 சுற்றில் ஓடினால், பெருக்கி 320. அது இரும்பிலுள்ள காந்தத்தைக் குலைக்கப் பார்க்கும். குலையாமல் நிறுத்த, பிரைமரி அதே 320-ஐ மறு தட்டில் வைத்தாக வேண்டும். அதற்கு 1,150 சுற்று இருப்பதால், 320-ஐ 1,150-ஆல் வகுத்தால் 0.28 ஆம்பியர் இழுத்தாலே போதும். செகண்டரியில் லோடு ஏறிய அந்தக் கணமே பிரைமரி அதைத் தெரிந்துகொண்டு தன் பங்கை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பித் தொடர்பும் கிடையாது, இரும்பும் காந்தமும் மட்டும்தான். இத்தனை வருஷம் கழித்தும் இது எனக்கு அதிசயமாகவே இருக்கிறது.

சுற்று குறைந்த பக்கம் வோல்ட் குறைவு, கரண்ட் அதிகம், கம்பி தடிமன். சுற்று கூடிய பக்கம் வோல்ட் அதிகம், கரண்ட் குறைவு, கம்பி மெலிசு. இரண்டு பக்கமும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே எண் வரும். வெளியே வருவது கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஒருபோதும் கூடாது.

தேவாலா என்றால் வெளியூர்க்காரர்கள் தங்கச் சுரங்கத்தைக் கேட்பார்கள். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கி, இந்த மலைகளைக் குடைந்தார்கள். போட்ட பணத்துக்கு ஈடாகத் தங்கம் கிடைக்கவில்லை. கம்பெனிகள் போய்விட்டன, குழிகள் நின்றுவிட்டன. இல்லாததை எந்த ஏற்பாடும் உண்டாக்கித் தராது. டிரான்ஸ்பார்மரும் அப்படித்தான். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கித் தரும், புதிதாக எதையும் உண்டாக்காது.

ஒரே ஒரு சுற்று

என் கையால் நடந்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜூலை மாதம். இங்கே ஜூலை என்றால் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, சுவரே வியர்த்து நிற்கும். அவசர வேலை என்று ஒரு பிரைமரியை வேகமாகச் சுற்றினேன். சுருளைத் தாங்கும் பாபினின் மூலையில் கம்பி உரசியதை நான் கவனிக்கவில்லை. பல்புப் பெட்டியில் வைத்துக் காயவைக்காமல் வார்னிஷிலும் தோய்த்துவிட்டேன். கரண்ட் கொடுத்தால் 12 வோல்ட் அழகாக வந்தது. ஆனால் பத்து நிமிஷத்தில், லோடு எதுவும் மாட்டாமலே, கை வைக்க முடியாத சூடு.

அண்ணன் கம்பியைப் பிரித்துப் பிரித்து அந்த இடத்தைக் காட்டினார். மூலையில் எனாமல் உரிந்து, பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு சுற்று ஷார்ட்.

ஒரு சுற்றில் பிறப்பது வெறும் 0.2 வோல்ட்தானே, அது என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு சுற்றின் நீளம் ஒரு சாண் அளவுதான். அதன் தடை ஓர் ஓமில் நாற்பதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் எட்டு ஆம்பியர் வருகிறது. கால் ஆம்பியர் சொச்சம் தாங்கக்கூடிய நூல் கம்பியில் எட்டு ஆம்பியர்! அந்த ஒற்றைச் சுற்று, யாரும் கேட்காமலே, தனக்கென்று ஒரு செகண்டரியாக மாறிவிட்டது.

எங்கள் ஊரில் டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் மழைக்காலத்தில் அதிகம் எரிவதற்கு ஈரம் ஒரு பெரிய காரணம். ரோட்டோரம் நிற்கும் பெரிய டிரான்ஸ்பார்மரில், எண்ணெய்க்குள் ஈரக்காற்று போகாமல் இருக்க சிலிகா ஜெல் போட்ட சின்னக் குடுவை ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துவிட்டால் ரோஸ். இங்கே அது சீக்கிரமே ரோஸ் ஆகிவிடும். அந்த நிறத்தைக் கண்டதும் மாற்றிவிட்டால் உள்ளே இருக்கும் சுற்றுகள் பிழைக்கும்.

மலை உச்சியிலிருந்து லைன் வீடு வரை

ஊட்டியிலிருந்து கூடலூர் வரும்போது பைக்காராவைத் தாண்டித்தான் வருகிறோம். 1932-இல் அந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். கிளன்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு 3,000 அடிக்கு மேல் செங்குத்தாகக் குழாயில் இறங்குகிறது தண்ணீர். உயரம் மிக அதிகம் என்பதால் அளவில் கொஞ்சம் தண்ணீரே பெரிய சக்கரத்தைச் சுழற்றிவிடும். சமவெளியில் உயரம் குறைந்த அணையில் அதே மின்சாரத்தை எடுக்க வேண்டுமென்றால் ஆறு முழுக்க வேண்டும். அதிக உயரம், குறைந்த தண்ணீர். குறைந்த உயரம், நிறையத் தண்ணீர். வோல்ட்டும் ஆம்பியரும் இதே உறவில்தான் இருக்கின்றன.

மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகும்போது 'உயரத்தை'க் கூட்டி 'தண்ணீரை'க் குறைக்கிறோம். கம்பியில் வீணாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கரண்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் வீணாவது நூறில் ஒன்றாகிவிடும். 1885-இல் புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஸிபர்னோவ்ஸ்கி, பிளாதி, டெரி என்ற மூவரும் மூடிய இரும்புக் கோர் வைத்த டிரான்ஸ்பார்மரைச் செய்து காட்டிய பிறகுதான், மின்சாரம் ஊர் விட்டு ஊர் போவது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் அது நீலகிரிக்கும் வந்துவிட்டது.

நம் லைனுக்குப் பக்கத்தில் இரட்டைக் கம்பத்தில் நிற்கிறதே, அந்த டிரான்ஸ்பார்மரையும் இதே கணக்கில் பார்க்கலாம். அதற்குள் வருவது 11,000 வோல்ட் ஹெச்.டி. (ஹை டென்ஷன்) லைன். வெளியே போவது ஒரு பேஸுக்கு 250 வோல்ட். 11,000-ஐ 250-ஆல் வகுத்தால் 44. எல்.டி. (லோ டென்ஷன்) பக்கம் ஒரு சுற்றுக்கு ஹெச்.டி. பக்கம் 44 சுற்று. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் என்றால் எல்.டி. பக்கம் ஒவ்வொரு பேஸிலும் 133 ஆம்பியர் வரை எடுக்கலாம். அப்போது ஹெச்.டி. சுருளில் ஓடுவது வெறும் 3 ஆம்பியர். அதே 44. எரிந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், ஹெச்.டி. சுருள் நம் விரலுக்குள் அடங்கும் மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். எல்.டி. சுருள் பட்டை பட்டையான தடித்த கம்பி, கொஞ்சம் சுற்றுகள்.

ஸ்டெபிலைசர் வாங்கும் கடன்

டிரான்ஸ்பார்மரிலிருந்து 240-க்கு மேல் கிளம்புகிற கரண்ட், கடைசி வீட்டுக்குப் போகும்போது ஏன் 170 ஆகிறது? ஊரில் எல்லாரும் டிரான்ஸ்பார்மரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் அதனிடம் இல்லை, நீண்டுகிடக்கும் எல்.டி. கம்பியிடம் இருக்கிறது.

லைன் கம்பிகளுக்கு விலங்குகளின் பெயர்தான். ஸ்குரல் மெலிசு, வீசல் நடுத்தரம், ராபிட் தடிமன். வீசல் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 ஓம். போக ஒரு கம்பி, திரும்பி வர நியூட்ரல் ஒரு கம்பி. மொத்தம் 1.8 ஓம். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடைசியில் இருக்கும் வீடுகள் ஒரே பேஸில் 20 ஆம்பியர் இழுத்தால் கம்பியிலேயே 36 வோல்ட் போய்விடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மிக்ஸி, டிவி, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 40 ஆம்பியர் ஆனால் 72 வோல்ட் போய்விடும். 240-இல் 72 போனால் 168. தோட்டத்து நிலத்தில் வீடுகள் ஒரே இடத்தில் கூடி இருப்பதில்லை. ஒரு சரிவில் நாலு, அடுத்த சரிவில் ஆறு என்று சிதறிக் கிடக்கும். கம்பி நீள நீள இந்தக் கதைதான்.

168 வோல்ட்டில் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முக்கும். முக்கும்போது இன்னும் அதிக கரண்ட் இழுத்து எரியும். அதனால் வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர். ராத்திரியில் அது 'டக்... டக்' என்று அடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டுத் தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். அதற்குள் இருப்பதும் ஒரு டிரான்ஸ்பார்மர்தான். ஒரே சுருள், அதில் இடையிடையே எடுத்த டேப்கள். வோல்டேஜ் இறங்கினால் ரிலே ஒன்று மாறி, விகிதத்தைக் கூட்டுகிற டேப்புக்குத் தாவும். அந்தத் தாவலின் சத்தம்தான் டக்.

168-ஐ அது 220 ஆக்கித் தருகிறது. எங்கிருந்து? அண்ணனின் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே 5 ஆம்பியர் கொடுக்க, லைனிலிருந்து ஆறரை ஆம்பியருக்கு மேல் இழுத்தாக வேண்டும். நான் ஒருவன் இழுத்தால் பரவாயில்லை. பத்து வீடும் ஸ்டெபிலைசர் வைத்து இழுத்தால் கம்பியில் கரண்ட் ஏறும், வோல்டேஜ் இன்னும் இறங்கும், எல்லார் வீட்டு ரிலேயும் அடுத்த டேப்புக்குத் தாவும், அது மறுபடி இறக்கும். ஸ்டெபிலைசர் வாங்க வசதியில்லாத வீட்டில் டியூப் லைட் எரியாமல் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். என் வீட்டின் 220 வோல்ட்டில் ஒரு பங்கு பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தது. இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, எனக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. ஆனால் தனித்தனியாக வாங்கித் தீராத பிரச்சினை இது என்பது மனதில் பதிய வேண்டும்.

தீர்வு, உயரத்தைக் கூட்டுவதில் இருக்கிறது. 11,000 வோல்ட் லைனை வீடுகளுக்குப் பக்கம் வரை இழுத்து, அங்கே சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்தால், அந்த ஒரு கிலோமீட்டரில் 40 ஆம்பியருக்குப் பதிலாக ஓர் ஆம்பியர்கூடப் போகாது. எல்.டி. கம்பி நூறு இருநூறு மீட்டரோடு முடிந்துவிடும். அது முடியாத இடத்தில் தடித்த கம்பி மாற்றலாம். எல்லா வீட்டையும் ஒரே பேஸில் தொங்கவிடாமல் மூன்று பேஸிலும் சமமாகப் பிரிக்கலாம்.

இணைப்பே இல்லாத வீடுகள்

லோ வோல்டேஜ் என்று புலம்பக்கூட வழியில்லாத வீடுகளும் இங்கே இருக்கின்றன. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆவது பிரிவுக்குள் வருகிற நிலங்களின் உரிமைச் சிக்கலால், பல குடும்பங்கள் மின் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. என் சித்தி வீடும் அதில் ஒன்று. சோலார் பலகை ஒன்று, 12 வோல்ட் பேட்டரி ஒன்று, சின்ன இன்வெர்ட்டர் ஒன்று. பேரப்பிள்ளைகள் படிப்பது அதில்தான்.

ஒரு நாள் சித்தி கூப்பிட்டு, "பேட்டரி ஒயரு கொதிக்குதுப்பா, பயமா இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். யாரோ வீட்டு வயரிங்குக்குப் போடும் மெல்லிய ஒயரால் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைத்திருந்தார்கள். 230 வோல்ட் பக்கம் 300 வாட் என்றால் 1.3 ஆம்பியர், எந்த ஒயரும் தாங்கும். ஆனால் 12 வோல்ட் பக்கம் அதே 300 வாட்டுக்கு 25 ஆம்பியர் வேண்டும், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். பேட்டரி கரண்டை நறுக்கி நறுக்கித் திசை மாற்றி, சுற்று குறைந்த சுருளில் விட்டு, சுற்று நிறைந்த சுருளில் எடுப்பதுதான் இன்வெர்ட்டரின் வேலை. குறைந்த சுற்று பக்கம் என்றால் தடித்த கம்பி. அதே பாடம்தான். விரல் தடிமன் கேபிள் வாங்கி, இரண்டடிக்குள் வெட்டி மாட்டினேன். சித்தி கையை வைத்துப் பார்த்து, "குளுந்துருச்சு" என்றார்.

இருபத்தெட்டு நாள் நோட்டு

எங்கள் லைனில் கடைசி ஒன்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து போன வருஷம் ஒரு வேலை செய்தோம். வெறுமனே 'வோல்டேஜ் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் நிற்காது என்று, ஒரு மீட்டரை வாங்கி, இருபத்தெட்டு நாள் காலை ஆறு, மதியம் ஒன்று, மாலை ஏழு என மூன்று வேளையும் அளந்து பள்ளி நோட்டில் எழுதினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் எழுதினார்கள். மதியம் 228, மாலை 171. பக்கத்துக்குப் பக்கம் அதே கதை. மதியம் நன்றாக இருக்கிறது என்றால் டிரான்ஸ்பார்மரின் சுற்றில் குறை இல்லை. மாலையில் மட்டும் விழுகிறது என்றால் கம்பி நீளமும் லோடும்தான் காரணம். அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசும்போது எங்கள் பேச்சுக்கு ஒரு கனம் இருந்தது. பலமுறை நடந்தோம், பலமுறை காத்திருந்தோம். இந்த வருஷம் மழைக்கு முன்னால் லைனின் கடைசி வளைவில் 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று வந்து நின்றது.

கோயில் ஆம்ப்ளிஃபயருக்கு அந்த 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரையே மாட்டினோம். மாட்டுவதற்கு முன் பழையதைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். கருகிய தாளைத் தள்ளித் தள்ளி, தம்பி செகண்டரிச் சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். நான் ஓர் அடி ஸ்கேலை எடுத்து அவன் கையில் கொடுத்து, கோரின் நடுக்காலை அளக்கச் சொன்னேன்.